'ஃபர்ஸ்ட் வேர்ல்டு பிராப்ளம்' என்று சொல்லி வாயை அடைக்கலாமா?

ஏழாவது மாடி

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போது யார் எதைக் குறை சொன்னாலும் இந்த ஒரு வாசகம்தான் பதில். 'முதல் உலகத்துப் பிரச்சினை', அதாவது வசதி உள்ளவர்களின் அற்பக் குறை என்று பொருள். வைஃபை மெதுவாக இருக்கிறது என்றால் 'ஃபர்ஸ்ட் வேர்ல்டு பிராப்ளம்'. காய்கறி டெலிவரி தாமதம் என்றாலும் அதே. போன வாரம் லிஃப்ட் நின்றுபோனதைப் பற்றி வயதான ஓர் அம்மா எழுதினார். அதற்கும் அதே பதில்தான், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த அம்மா அதற்கப்புறம் குழுவில் வாயே திறக்கவில்லை.

எனக்கு இது சரியாகப் படவில்லை. லிஃப்ட் நின்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டி தேய்ந்தவர்கள் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை. சர்க்கரை பார்க்கப் போக வேண்டியதைக்கூடத் தள்ளிப்போடுகிறார்கள். கேன் தண்ணீர் போடும் பையன் இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிறான். தண்ணீர் மட்டுமே இருபது கிலோ. ஒரு கை கேனின் கழுத்தைப் பிடித்திருக்கும், இன்னொரு கை படிக்கட்டுக் கம்பியில் இருக்கும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறானே தவிர, கேனைக் கீழே வைப்பதில்லை. "வெச்சா மறுபடி தூக்குறதுதான் கஷ்டம் சார்" என்கிறான். மாடியேறியதற்குத் தனிக் கூலி எதுவும் கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் அதே படியில்தான் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். இவர்களில் ஒருவரும் அந்தக் குழுவில் இல்லை.

வசதிக்காரர்களின் சில்லறைக் குறை என்று ஒன்றைத் தள்ளிவிடுவதற்கு முன்னால், அது யார் தலையில் போய் விடிகிறது என்று பார்க்க வேண்டாமா? நீங்கள் இந்த வாசகத்தைப் பயன்படுத்துவீர்களா? எந்த இடத்தில்?

வெள்ளாறு

நான் பயன்படுத்துகிறேன், விடப்போவதும் இல்லை. ஆனால் அடுத்தவரிடம் சொல்வதற்காக அல்ல, எனக்கு நானே சொல்லிக்கொள்ள.

2010 வாக்கில் ட்விட்டரில் இது ஹேஷ்டேகாகப் பரவியபோது, ஆட்கள் தங்கள் சொந்தப் புலம்பலுக்குக் கீழேதான் இதைப் போட்டார்கள். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதியிலும் ஏறிவிட்டது. 'நான் புலம்புவது அற்ப விஷயம் என்று எனக்கே தெரியும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பணிவு அதில் இருந்தது.

ஆர்டர் செய்த காபியில் சர்க்கரை அதிகம். மழையில் நனைந்துகொண்டு அதைக் கொண்டுவந்தவருக்கு ஒற்றை ஸ்டார் போட விரல் போகிறது. அந்த நொடியில் இந்த வாசகம் நினைவுக்கு வந்தால் விரல் நின்றுவிடும். எனக்கு நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை எதற்கு விட வேண்டும்? உங்கள் குழுவில் அந்த அம்மாவுக்குச் செய்தது அவமரியாதை. அது அதைச் சொன்னவரின் குணம்.

பழைய பேப்பர்

இந்த உலகக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விவாதத்துக்கு அது தேவை.

முதலில் வந்தது மூன்றாம் உலகம்தான். அல்ஃபிரட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் 1952 ஆகஸ்ட் 14 அன்று ஒரு பாரிஸ் வார இதழில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் குருமார், பிரபுக்கள் இருவருக்கும் கீழே 'மூன்றாம் பிரிவு' என்று ஒதுக்கப்பட்ட பொதுமக்களை மனத்தில் வைத்து எழுதியது அது. கவனிக்கப்படாத, சுரண்டப்பட்ட, இகழப்பட்ட இந்த நாடுகளும் ஏதாவதாக ஆக விரும்புகின்றன என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதாவது, எழுந்து வரப்போகிறவர்கள் என்ற பொருளில் வைத்த பெயர். மூன்றே ஆண்டில், 1955 ஏப்ரலில், இந்தோனேசியாவின் பாண்டுங் மாநாட்டில் 29 ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடின. இந்தியாவும் அன்றைய சிலோனும் அந்த மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் உண்டு.

முதல் உலகம் என்பது அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும். இரண்டாவது, சோவியத் அணி. பனிப்போரில் யார் எந்தப் பக்கம் என்பதற்கான பிரிவு இது. வீட்டில் ஏசி இருக்கிறதா, பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கிறதா என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே எடுத்தால், எந்த அணியிலும் சேராத சுவிட்சர்லாந்தை எங்கே வைப்பது? 1974-இல் சீனத் தலைவர் மாவோ இதையே வேறு மாதிரிப் பிரித்தார்: அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து முதல் உலகம், ஜப்பானும் ஐரோப்பாவும் இரண்டாவது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததும் நடுவில் இருந்த உலகமே காணாமல் போய்விட்டது. முதலும் மூன்றும் மட்டும் 'பணக்காரன், ஏழை' என்ற பொருளில் மிச்சமாக நிற்கின்றன. 2016-இல் உலக வங்கி தன் புள்ளிவிவரத் தொகுப்பில் 'வளர்ந்த, வளரும்' என்று நாடுகளை இரண்டாகப் பிரிப்பதையே கைவிட்டது.

எழுந்து வரப்போகிறவர்கள் என்று பெருமையாக வைத்த பெயர், இன்று வாட்ஸ்அப்பில் ஒருவரை உட்கார வைக்கப் பயன்படுகிறது. எனக்கு வருத்தம் அங்கேதான்.

வெள்ளாறு

வரலாறு அருமை ஐயா. ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பனிப்போர் யாருக்கும் நினைவுக்கு வராது. வசதி, வசதியின்மை இரண்டும்தான் வரும். அந்தப் பொருளில்தான் நான் பேசுகிறேன்.

பனிக்காலம்

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். வசதி என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது அண்ணா.

நான் இருக்கும் இதே ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே நெஸ்கன்டாகா என்று ஒரு பூர்வகுடி ஊர் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அங்கே 1995-இல் வந்தது. கால் நூற்றாண்டு தாண்டியும் அது விலகவில்லை. அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து பெற்றோர் ஆகிவிட்டார்கள், குழாயில் நேராகத் தண்ணீர் பிடித்துக் குடிக்காமலே. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் 2014-இல் தண்ணீர் எடுக்கும் ஆற்றை மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காததால் பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. மக்கள் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் பற்றி மாதக்கணக்கில் முறையிட்டார்கள். அதிகாரிகள் ஒன்றுமில்லை, குடிக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக வருகிறது என்பது முதல் நாளில் சின்னக் குறைதான். அதைச் சொன்னவர்களைக் கேட்டிருந்தால் எத்தனையோ குழந்தைகள் தப்பித்திருப்பார்கள்.

பூவரசம்பூ

நான் யாழ்ப்பாணம். இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கட சின்ன வயது, 1990களில் போர் நேரத்தில் அரசு போட்ட பொருளாதாரத் தடைக்குள்ளே போனது. மின்சாரம் இல்லை. பற்றரி வரக் கூடாது, சவர்க்காரம் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் அளந்துதான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரிப்போம். அந்த ஒரு விளக்கைச் சுற்றித்தான் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படிப்பு. வானொலி கேட்க சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் பிபிசி தமிழோசை நேரம் வந்தால் அக்கம்பக்கத்துக்காரரும் வந்து குந்தியிருப்பார்கள்.

இப்படியான காலத்தில் பெரிய பெரிய துன்பத்தைப் பற்றி மட்டும்தான் கதைத்திருப்போம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுற்றுகிற பெடியன் களைத்துப் போனால் சத்தம் இறங்கிவிடும், முக்கியமான செய்தியில் இறங்கினால் எல்லோரும் அவனை ஏசுவார்கள். கசெட் போட்டால் இன்னும் மோசம். கை தளர்ந்தால் பாட்டு இழுபடும், பெண் குரல் ஆண் குரலாகிவிடும். அதற்காக எங்கட வீட்டில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்துக் களியால் உடுப்புத் தோய்ப்போம். அழுக்குப் போகும், ஆனால் வாசம் போகாது. கொடியில் காயப் போட்டால் மாடு வந்து சப்பிவிடும். அம்மம்மா ஷெல் விழுந்ததைப் பற்றிப் புலம்பியது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மாடு சப்பிய சேலையைப் பற்றிப் புலம்பியது நன்றாக நினைவிருக்கிறது.

மாடு சப்பிய சேலை எந்த உலகத்துப் பிரச்சினை? யாராவது அம்மம்மாவிடம் 'நாட்டு நிலைமை இப்படி இருக்க நீங்கள் சேலைக்கு அழுகிறீர்களே' என்று கேட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை. அந்தச் சேலையைப் பற்றிக் கதைக்க முடிந்த நேரத்தில்தான் அவர் சாதாரண மனுசியாக இருந்தார்.

2022 பொருளாதார நெருக்கடியிலும் அதே கதைதான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ஜூலையில் எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) நாலு லீற்றர் பெற்றோல். அந்த வரிசையில் நின்றவர்கள் அரசியலும் கதைத்தார்கள்தான். அதோடு போனில் சார்ஜ் இல்லை, கியூஆர் கோட்டைக் காட்ட முடியவில்லை என்றும் எரிச்சல்பட்டார்கள். சார்ஜ் இல்லை என்பது உங்கள் பட்டியலில் 'ஃபர்ஸ்ட் வேர்ல்டு' குறை. எங்கட வரிசையில் அது அந்தக் கிழமை பெற்றோல் கிடைக்குமா இல்லையா என்ற கேள்வி.

மழைக்காகிதம்

பூவரசம்பூ அக்கா, இதைப் படித்தபோது எனக்கு 2012-இல் வந்த ஒரு விளம்பரம் ஞாபகம் வந்தது. குடிநீருக்காக நிதி திரட்டும் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஹைட்டியில் எடுத்தது. நிலநடுக்கம் நடந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த நாட்டுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் இடிபாட்டுக்கும் ஓடைக்கும் முன்னால் நிறுத்தி, ட்விட்டரில் இந்த ஹேஷ்டேகோடு வந்த புலம்பல்களை வாசிக்க வைத்தார்கள். வீடு பெரிதாக இருப்பதால் இரண்டு ரவுட்டர் வேண்டியிருக்கிறது என்பது போன்றவை.

நோக்கம் நல்லது, பார்த்தவர்கள் பணமும் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவே இல்லை. அந்தக் குழந்தைக்கும் அன்று காலை ஏதாவது ஒரு சின்ன எரிச்சல் இருந்திருக்கும். தம்பி பென்சிலை ஒளித்து வைத்திருப்பான், செருப்பு வார் அறுந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. அடுத்தவன் புலம்பலை வாசிக்கத்தான் அந்த வாய் தேவைப்பட்டது. ஏழை என்றால் பெரிய துயரம் மட்டும்தான் இருக்க வேண்டும், சின்னக் குறை வசதி உள்ளவர்களுக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் இந்த வாசகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல் 2011-இலேயே இது பொய்யானது, மட்டம் தட்டுவது என்று கடுமையாக எழுதினார். நைஜீரியர்களுக்கும் போன் சரியாக வேலை செய்யாவிட்டால் கோபம் வரும் என்ற எளிய உண்மையைத்தான் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

கீழ்த்தளம்

ஏழாவது மாடி நண்பருக்கு ஒரு வேலைக்காகும் தகவல். தமிழ்நாட்டில் லிஃப்ட் இயக்க மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும், 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் உரிமம் நடப்பில் இருக்கிறதா, பராமரிப்பு ஒப்பந்தத்தில் பழுது பார்க்க எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறது என இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் லிஃப்ட் ஒரேயடியாக நிற்பதில்லை. கதவு ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து மூடும், தளத்துக்கு ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நிற்கும். அப்போதே யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஓர் அங்குலத்தில்தான் வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சின்னக் குறையை எழுதி வைக்கும் கட்டடங்களில் எங்களுக்குப் பெரிய வேலை வருவது குறைவு.

ஏழாவது மாடி

மிக்க நன்றி. இரண்டு கேள்வியையும் இன்றே அனுப்புகிறேன். கதவு விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு மாதமாக இருந்தது.

வெள்ளாறு

பூவரசம்பூ, உங்கள் அம்மம்மா கதை என்னை யோசிக்க வைத்தது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் நான் மாறவில்லை. எல்லாக் குறைக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனதற்குச் சமையல்காரரைப் பத்துப் பேர் சேர்ந்து கத்துகிறார்கள். அங்கே யாராவது ஒருவர் அளவைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பூவரசம்பூ

சொல்லுங்கள் தம்பி, கட்டாயம் சொல்ல வேண்டும். 'ஐஸ்கிரீம்தானே, அந்த மனுசனைக் கத்தாதீர்கள்' என்று அந்த இடத்துக்கே சொல்லலாமே. அங்கே பிழை கத்தியதில். ஐஸ்கிரீம் இல்லையே என்று ஒரு பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதில் ஒரு பிழையும் இல்லை.

டீக்கடை பெஞ்சு

சின்னதாக ஒன்று. 2025 மார்ச், ஏப்ரலில் நாடு முழுக்க யூபிஐ அடிக்கடி நின்றது. எங்கள் அலுவலகத்தில் இதையும் ஃபர்ஸ்ட் வேர்ல்டு குறை என்றார்கள். கீழே டீக்கடை அண்ணாச்சி சில்லறை இல்லாமல், 'அப்புறம் போட்டு விடுங்க' என்று எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்ப வந்து போட்டவர்கள் எத்தனை பேரோ. சாயங்காலம் பால்காரருக்கு அவர் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும்.

இரவுப்பணி

நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். முன்பு கேப் வீட்டு வாசலில் இறக்கிவிடும். இப்போது நேரம் மிச்சம் என்று மெயின் ரோட்டு முனையில் இறக்கிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து என் வீட்டுக்குள் போக ஒரு தெரு முழுக்க நடக்க வேண்டும். அதிகாலை மூன்று மணி. தெருவிளக்கு பாதிக்கு மேல் எரியாது. மூடிய மெக்கானிக் கடை வாசலில் நாய்கள் படுத்திருக்கும், செருப்புச் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாக எழுந்துகொள்ளும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். அம்மா மாடியிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு நிற்பார். நான் உள்ளே போகும் வரை அவருக்கும் தூக்கம் கிடையாது.

டீம் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். மேலாளர் சிரித்த முகத்தோடு, 'வீட்டுக்கு கேப் வருதுன்றதே எத்தனை பேருக்குக் கிடைக்குது, இதெல்லாம் ஃபர்ஸ்ட் வேர்ல்டு பிராப்ளம்' என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதே ரூட்டில் இறங்கும் மூன்று பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் அதில் ஒருத்தி வாஷ்ரூமில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கும் பயமாத்தான் இருக்கு' என்றாள்.

வெள்ளாறு

இதைப் படித்து எனக்குக் கோபமாக வருகிறது சகோதரி. அந்த மேலாளர் செய்ததற்கு நான் மேலே சொன்ன எந்த நியாயமும் பொருந்தாது. கேப் வசதியைக் குறைத்தது அவர்கள். குறைத்தவர்களே வசதியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். என் எரிச்சலை அடக்க நான் சொல்லிக்கொள்ளும் சொல், சம்பளம் கொடுக்கும் இடத்தின் கையில் இப்படி ஆகிறது என்றால், அதைப் பொதுவில் நான் இனிச் சொல்லமாட்டேன். எனக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி.

தயவுசெய்து இதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் மறுபடி சிரித்து முடித்துவிடுவார்கள்.

கீழ்த்தளம்

எழுதும்போது உங்கள் பயத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அதற்கு அவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இடம், நேரம், தூரம், எரியாத விளக்குகள், இறக்கிவிடச் சொல்லி வந்த உத்தரவின் தேதி. இவ்வளவு போதும். கடைசியில் ஒரே கேள்வி: மீண்டும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது எந்தத் தேதியிலிருந்து? பெண்களை இரவு ஷிஃப்டில் வைத்தால் போக்குவரத்து ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. மனிதவளப் பிரிவுக்கு அது தெரியாமல் இருக்காது.

பூவரசம்பூ

பிள்ளை, அந்த மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கோ. தனியாக எழுத வேண்டாம்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. வாஷ்ரூமில் பேசியவளிடம் இப்போதுதான் போனில் பேசினேன், அவள் கையெழுத்துப் போடுகிறாள். மற்ற இருவரில் ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னொருத்தி எடுக்கவில்லை. இன்று இரவு வரும்போது எரியாத கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, நாளை மதியம் அனுப்புகிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.